இடது காலால் மூன்று முறை

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். அய்யா பாயில் குப்புறக் கிடந்தார். ஆத்தா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். ஆத்தாவின் தம்பி, என் மாமா, சுவரில் சாய்ந்து நின்றார். அய்யாவும் மாமாவும் மூட்டை தூக்கிய கூட்டத்தின் மேஸ்திரி, உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாவது ஆள் நான்; பெரியகுளம் பஸ்ஸை விட்டு அப்போதுதான் இறங்கி, புத்தகம் அடைத்த தகரப்பெட்டியோடு உள்ளே நுழைந்தவன். இருக்க வேண்டியவர்களில் இல்லாதவர் ஒருவர்தான்: வைத்தியர். ஒன்பது நாளாக அய்யா அப்படிக் கிடந்தும் அவரை யாரும் கூப்பிடவில்லை. நான் வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

"வந்துட்டாருய்யா எங்க வீட்டு டாக்டரு" என்றார் மாமா.

அது பாதிதான் கேலி. நான் காலால் பிறந்தவன். தலை முதலில் வராமல் கால் முதலில் வந்து, ஆத்தாவை இரண்டு நாள் பாடுபடுத்திப் பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் இடது காலால் மூன்று முறை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம். நடக்கத் தெரிந்த நாள் முதல் அல்லிநகரத்தில் எத்தனையோ முதுகுகளை மிதித்திருக்கிறேன். வெங்காய வியாபாரி, பானை செய்கிறவர், ஒருமுறை பஸ் டிரைவர்கூட. இதற்கு ஒரே ஒரு விதி உண்டு. மிதிப்பவன் காசு வாங்கக் கூடாது. கடலைமிட்டாய் கொடுத்தால் தின்னலாம். காசு கைமாறினால் அந்தக் காலுக்கு உள்ள பலிதம் அன்றோடு போய்விடும்.

அதனால்தான் வைத்தியர் வரவில்லை. வீட்டிலேயே மருந்தை வைத்துக்கொண்டு வெளியே காசு கொடுப்பார்களா? பரீட்சைக்கு முந்தைய விடுமுறைக்கு நான் எப்படியும் வருவேன், அதுவரை பொறுத்தால் போதும் என்று அய்யா சொல்லிவிட்டார்.

"ஏலே, மூஞ்சியக் கழுவிட்டு வா. ஏலக்கா மூட்டை மலையிலருந்து எறங்கிருச்சு. வர்ற சந்தைக்கு உங்கய்யா வந்தாகணும்" என்றார் மேஸ்திரி.

"வலி எங்கன இருக்குங்கய்யா?" என்று கேட்டேன்.

"இடுப்புலதான் ஆரம்பிச்சுச்சு. இப்ப தொடை வழியா ஓடி கெண்டைக்கால்ல எறங்குது. கம்பியக் காச்சி உள்ள விட்டு இழுக்குற மாதிரி. இருமுனா பாதம் வரைக்கும் போகுதுடா."

எங்கள் பள்ளிக்கூடத்து உடல்நூல் புத்தகத்தில் முதுகெலும்பின் படம் ஒன்று உண்டு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவிலிருந்து இழை இழையாக நரம்புகள் கிளம்பி, இரண்டு கால்களுக்கும் இறங்குவதைப் போட்டிருப்பார்கள். அய்யா சொன்ன வழி அந்தப் படத்தில் இருந்த வழியாகவே எனக்குப் பட்டது. இது பிடிப்பு இல்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது. எங்கள் குடும்பத்தில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்ல வேண்டியவனும் நான்தான். ஆனால் நாலு பேரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அய்யாவை அதுவரை நான் மிதித்ததில்லை. தூக்கத்தில் அவர்மேல் என் கால் பட்டுவிட்டால்கூட, ஆத்தா என் கையைப் பிடித்து அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்ற வைப்பாள். அன்று முதலில் அவர் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டேன். இருபது வருஷம் மூட்டை அழுத்திய காய்ப்பு அவர் பிடரியில் எருமைத் தோல்போல இருந்தது. அதற்குக் கீழே முதுகு மட்டும் ஆச்சரியமாக, ஒரு பிள்ளையின் முதுகுபோல வழவழவென்றிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது மிதியில் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாயைப் பல்லால் கடித்துக்கொண்டார்.

பிறகு சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். முகம் வேர்த்து ஊற்றியது.

"போயிருச்சு" என்றார். "புள்ள கால் வச்சான், போயிருச்சு."

ஒன்பது நாளைக்கு அப்புறம் ஆத்தா அன்றுதான் சிரித்தாள்.

இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். அய்யா நடந்தார், பேசினார், மாமாவை வம்புக்கு இழுத்தார். சோற்றை மட்டும் நின்றுகொண்டே சாப்பிட்டார். "உக்காந்தா சோம்பல் வருது" என்றார். நானும் நம்பினேன். மூன்றாம் நாள் நான் பரீட்சைக்குக் கிளம்பியபோது, என் தகரப்பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "நீ பேனா தூக்கு. பெட்டி தூக்க ஆள் இருக்கு" என்று சொல்லி பஸ் நிற்கும் இடம் வரை முன்னால் நடந்தார். யுத்த காலம்; பஸ்கள் கரியில் ஓடின. கண்டக்டர் பஸ்ஸின் பின்னால் இருந்த கரியடுப்பைக் காற்றாடி சுற்றி மூட்டிக்கொண்டிருந்த நேரம் முழுதும் அய்யா நின்றுகொண்டே இருந்தார். பஸ் நகர்ந்ததும் கையை ஆட்டினார்.

பரீட்சை முடிந்து, கிளம்பிய பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தேன். அய்யா அதே பாயில், அதே இடத்தில் கிடந்தார்.

"பஸ்சு திரும்புற வரைக்கும் கையக் காட்டிக்கிட்டே நின்னாக" என்றாள் ஆத்தா. "மறஞ்ச பெறகு அங்கனயே ஒக்காந்தாக. எந்திரிக்க முடியல. ஓந் தாய்மாமன்தான் வண்டியில போட்டுக் கொண்டாந்தான்."

"எனக்கு ஏன் எழுதல?"

"ஆரு எழுதுறது? எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன். வெளிய ஆரையாச்சும் கேப்போம்னா, பரீச்சை எழுதுற புள்ளைக்குச் சேதி போகக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக."

அன்று சாயந்தரம் அய்யாவின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த ஆத்தா சட்டென்று கையை எடுத்தாள். இடது பாதத்தில் ஒரு கருவேல முள் ஆழமாக ஏறி, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. முள் எப்போது தைத்தது என்று அய்யாவுக்குத் தெரியவில்லை. நான் அதைப் பிடுங்கியபோது, அவர் கூரையைப் பார்த்தபடி மாமாவிடம் சந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வலி இருந்தவரை யாரும் பயப்படவில்லை. வலியே தெரியாத அந்தப் பாதத்தைப் பார்த்துத்தான் பயந்தோம்.

கம்பத்தில் மலையாள வைத்தியர் ஒருவர் இருப்பதாக மேஸ்திரி சொன்னார். அய்யாவால் உட்கார முடியாது. பஸ்ஸின் பின்பக்கம், வாழைத்தார்களை ஒதுக்கி, கோணியை விரித்துப் படுக்க வைத்தோம். "காலம் பூரா மூட்டை ஏத்துன மனுசனை இன்னைக்கு மூட்டையா ஏத்தியாச்சு. கூலி ஆரு குடுப்பா மச்சான்?" என்றார் மாமா. அய்யா சிரிக்கப் போய், சிரிப்பே வலியாகி, "ஏய், வாய மூடுறா" என்று கெஞ்சினார். உத்தமபாளையம் தாண்டும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் என் கை அவர் கைக்குள் நசுங்கியது.

வைத்தியர் வயசானவர். அய்யாவின் இடது காலை நீட்டியபடியே மெல்லத் தூக்கிப் பார்த்தார். ஒரு முழம் எழுவதற்குள் அய்யா அலறினார்.

"இது சதை பிடிச்சதல்ல. ஞரம்பு" என்றார் வைத்தியர். பிறகு முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆரு சவிட்டினது?" என்று கேட்டார். மிதித்தது யார் என்று கேட்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அய்யா முந்திக்கொண்டார்.

"ஆரும் மிதிக்கலைங்க. நானாத்தான் வழுக்கி விழுந்தேன்."

"நான்தான் மிதிச்சேன்" என்றேன். "மூணு தடவை."

வைத்தியர் என் காலைப் பார்த்தார்; பிறகு முகத்தைப் பார்த்தார். "மூட்டையோ, சவிட்டோ, வேற சுமையோ, எது செஞ்சதுன்னு முதுகு சொல்லாது குட்டி. எண்ணெய் போட்டு இருபத்தோரு நாள் கிடக்கட்டும். நடப்பான். ஆனா இனி தலையில சுமை கூடாது" என்றார்.

மாமா சந்தைக்குத் திரும்பிவிட்டார். அந்த இருபத்தோரு நாளும் அய்யாவோடு நான்தான் இருந்தேன். வைத்தியர் வீட்டுப் பின்கட்டில் கயிற்றுக்கட்டில் இல்லை, பலகைதான். காலையில் சூடான எண்ணெயைத் துணியில் முக்கி இடுப்பில் ஒற்றுவேன். கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். வெட்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு வைத்தியர் சொல்லிக் கொடுத்த சோதனை. அய்யா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்; நான் இடது கால் விரல் ஒன்றைத் தொடுவேன்; எந்த விரல் என்று அவர் சொல்ல வேண்டும்.

முதல் சில நாள் எதுவும் தெரியவில்லை என்றார். எட்டாம் நாள் "சுண்டுவிரல்" என்றார், சரியாக இருந்தது. மறுநாள் "நடுவிரல்" என்றார், அதுவும் சரி. நான் சந்தோஷத்தில் அவர் முழங்காலில் தட்டினேன். பத்தாம் நாள் என்னவோ தோன்றியது. கையைப் பாதத்தின் பக்கமே கொண்டுபோகாமல் கேட்டேன்.

"இப்ப எந்த விரலுங்கய்யா?"

"பெருவிரலு" என்றார் உடனே.

"நான் தொடவே இல்ல."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. இமைக்குள் கண்மணி அசைவது தெரிந்தது.

"தெரியலைன்னா ஒன் மொகம் வாடிப்போகுதுடா. வாய்க்கு வந்ததச் சொன்னேன், ரெண்டு நாளும் குருட்டாம்போக்குல சரியாப் போச்சு" என்றார்.

"அன்னைக்குப் போயிருச்சுன்னு சொன்னதும் இப்படித்தானா?"

"அன்னைக்கு நீ மிதிச்சதும் காலுக்குள்ள தீ வச்ச மாதிரி இருந்துச்சு. சொன்னா நீ பரீச்சைக்குப் போவியா? என் பக்கத்துலயே ஒக்காந்திருப்ப."

"இனிமே எங்கிட்டப் பொய் சொல்லாதீங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அதுதான் மருந்து."

"சரிங்க வாத்தியாரே" என்றார். கண்ணை மூடியபடியே கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு "தெரியல" என்பதை அவர் தினமும் தயங்காமல் சொன்னார். பதினாறாம் நாள் நாலாவது விரலைத் தொட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். "சுண்டுவிரலுக்கு அடுத்தது மாதிரி இருக்கு. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். நான் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டேன். இருபத்தோராம் நாள் பெருவிரல் தவிர மற்ற நான்கும் தெரிந்தன. பெருவிரல் இன்றுவரை வரவில்லை. மேட்டில் ஏறும்போது அந்தப் பாதம் மண்ணைக் கொஞ்சம் கீறிக்கொண்டு வரும். கம்பத்துத் தெருவில் அப்படிக் கீறிக்கொண்டே தானாக நடந்து வந்து பஸ் ஏறினார்.

இனி சுமை இல்லை என்றதும் கூட்டத்தில் அவர் இடம் போய்விடும் என்று ஆத்தா பயந்தாள். மேஸ்திரி வேறு வழி செய்தார். கட்டி முடித்த மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைக்கும் வேலையைக் கொடுத்தார். கூலி பாதிக்கும் குறைவு. அய்யா முழங்காலில் நின்றே தைத்தார். மாமா அவர் தைத்த மூட்டையைத் தூக்கும்போதெல்லாம், "தையல்காரரே, கைப்பிடி வச்சுத் தைக்கக் கூடாதா?" என்பார்.

ஒரு சந்தை நாளில் மேஸ்திரிக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி என்னிடம் வந்தார்.

"ஏலே, வாடா. மூணு மிதி மிதி. எனக்குக் காலுக்கெல்லாம் ஓடல, வெறும் புடிப்புதான்."

நான் நகரவில்லை. மிதிக்க நினைத்தாலே அன்று அய்யாவின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் காதில் கேட்டது. சுற்றிலும் கூட்டத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். "படிச்ச திமிரு" என்றான் ஒருவன்.

அய்யா ஊசியை மூட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார். மடியை அவிழ்த்து ஓர் அரையணாவை எடுத்தார். காலைக் கீறியபடி நடந்து வந்து, எல்லோரும் பார்க்க, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இந்தா. அன்னைக்கு எனக்கு மிதிச்ச கூலி."

"மச்சான்!" என்று பதறினார் மாமா. "காசு குடுத்தா பலிக்காதுல்ல?"

"அதுக்குத்தான் குடுத்தேன். இனிமே இவங்கிட்ட ஆரும் வராதீக."

மேஸ்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஒரு மூட்டையில் சாய்ந்தார். "அடப் பாவி மனுசா, எனக்கு ஒரு மிதி வாங்கிட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அய்யா திரும்பிப் போய் ஊசியை எடுத்துக்கொண்டார். நான் அந்தக் காசைச் செலவழிக்கவில்லை.

வைத்தியருக்குக் கொடுத்தது, எண்ணெய், பஸ், கம்பத்தில் நாங்கள் சாப்பிட்டது எல்லாவற்றுக்குமாக இருபத்திரண்டு ரூபாய் ஏழணா ஆனது; இரண்டு ஆடுகளை விற்றும், கூட்டத்து ஆட்கள் தங்கள் பங்கிலிருந்து போட்டும் அதைக் கட்டினோம் என்று ஆத்தா சொல்லுவாள். அந்த அரையணாவையும் சேர்க்க வேண்டும் என்பார் அய்யா. ஆக இருபத்திரண்டு ரூபாய் ஏழரை அணா.