திறந்த கதவு

அலுவலகத்தில் அவளைத் துருவி என்றுதான் கூப்பிட்டார்கள். வெளிவரப்போகும் வீடியோ கேமுக்குள் நாள் முழுக்கச் சுற்றி, எங்கே ஓட்டை இருக்கிறது என்று துருவித் துருவிப் பார்ப்பது அவள் வேலை. சுவரில் முட்டுவாள், கூரையில் ஏறிக் குதிப்பாள், ஆற்றுக்குள் காரை விடுவாள்.

சின்ன வயதில் அவள் ஆடியதெல்லாம் இடமிருந்து வலமாக ஓடும் ஆட்டங்கள். பின்னால் தெரியும் மலை வெறும் படம். அந்தப் பக்கம் போக வழியே கிடையாது. ஒருநாள் மாமா தன் பழைய கம்ப்யூட்டரில் ஒரு விண்வெளி ஆட்டத்தைக் காட்டினார். கோடுகளால் வரைந்த கப்பல், புள்ளி புள்ளியாக நட்சத்திரங்கள். அத்தனையையும் சேமித்து வைக்க அந்தப் பெட்டியில் இடமில்லை. கணக்குப் போட்டு அவ்வப்போது உண்டாக்கிக்கொள்ளும்.

"இப்ப எங்க மாமா போகணும்?"

"உனக்கு எங்க தோணுதோ அங்க போ. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் அவளை இந்த வேலையில் கொண்டுவந்து உட்கார வைத்தது.

இப்போது அவர்கள் செய்துகொண்டிருந்த ஆட்டம் ஒரு முழு நகரம். கதை என்று ஒன்று உண்டு. வேண்டாமென்றால் விட்டுவிட்டு ஊர் சுற்றலாம். கண்ணுக்குத் தெரிகிற மலையிலெல்லாம் ஏறலாம். ஆடுகிறவர் சும்மா நின்றாலும் பொழுது விடியும், மழை பெய்யும், ஊர்ஜனம் தன் பாட்டுக்கு வேலைக்குப் போய் வீடு திரும்பும்.

நகரத்தின் கோடியில், கதை எட்டிப் பார்க்காத ஒரு சந்து. அங்கே ஒரு வீட்டின் கதவு மட்டும் தள்ளியதும் திறந்தது.

உள்ளே அவள் வீடு இருந்தது. அம்மாவின் நாற்காலி, அதன் உடைந்த கையில் சுற்றிய துணி, குளியலறைக் கண்ணாடியின் விரிசல் எல்லாம் அப்படியே. அவள் அறைக் கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, தலைக் கிளிப்பைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். வீட்டுக்குப் போனதும் துருவி செய்கிற முதல் காரியம் அது.

யார் செய்த இடம் என்று கோப்பில் தேடினாள். அந்தச் சந்து வீட்டை உருவாக்கியவன் பக்கத்து வரிசை வடிவமைப்பாளன். வாயே திறக்காததால் ஊமையன் என்று கேலி செய்வார்கள். தங்கள் வீட்டு வாசலை அவன் மிதித்ததே இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

சாயங்காலம் அம்மாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"நான் இல்லாதப்ப யாராச்சும் வராங்களாம்மா?"

"உங்க ஆபீஸ் பிள்ளைதான். நீ அனுப்பினேன்னு சொல்லுமே. உன் ரூம்ல கம்ப்யூட்டரைச் சரி பண்ணிட்டு, எனக்கு மாத்திரையும் எடுத்துக் குடுத்துட்டுப் போகும். தங்கமான பிள்ளை."

மறுநாள் அவள் எல்லாவற்றையும் சொன்னதும், மேனேஜர் அந்த வீட்டை ஆட்டத்திலிருந்து அழித்தார். ஊமையனை வேலையை விட்டு நிறுத்தினார். "ஆட்டம் வெளிய வர்ற நேரம்மா. போலீஸ், கேஸெல்லாம் இப்ப வேணாமே. ஆள்தான் போயாச்சுல்ல?" என்றார். அவளும் அரை மனதாகத் தலையாட்டினாள். பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவன் அவள் இருக்கையருகே நின்றான்.

"கதவு திறந்துதாங்க இருந்துச்சு" என்றான். கோபமே இல்லாத குரல்.

அந்த மாதமே அவள் வீடு மாறினாள். அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம். அதனால் நடந்ததைச் சொல்லாமல், புது வீடு ஆபீசுக்குப் பக்கம் என்று மட்டும் சொல்லிவைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் திரும்பி வந்தது.

ஒரு விடுமுறை நாளில், காலையில் துணி மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "அந்தப் பிள்ளை நேத்து போன் பண்ணுச்சு. புது வீடு எங்கன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்னே?"

"விலாசத்தைச் சொன்னேன். மாடியா கீழயான்னு கேட்டுச்சு. உன் ரூம் எந்தப் பக்கம்னுகூட கேட்டுச்சு. ஏன்டி, உன் மூஞ்சி இப்படிப் போகுது?"

துருவி ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மறைத்ததையெல்லாம் கொட்டினாள்; கொட்டிக்கொண்டே போலீசுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அம்மாவின் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

"இன்னிக்கு வரேன்னு சொல்லியிருக்கானேடி."