நாலாவது தடவையும் அண்ணனிடமே வந்த மோட்டார்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் வீடு தேடி வந்து, இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் போனவரைத் தெய்வமாக்கி எழுதுவது வழக்கம். அண்ணன் இருந்திருந்தால், "ஏனம்மிணி, நானென்ன கோயில்லயா குடியிருந்தேன்?" என்று கேட்டிருப்பார். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அண்ணன் பாலக்காடு மாவட்டம் வடகரப்பதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். படிப்பு ஏறவில்லை. அதை அவரே ஒளிக்காமல் சொல்வார். பள்ளியை விட்டதும் அப்பாவோடு ஏர் பிடித்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மாடு கட்டி இறைப்பது குறைந்து, கரண்டு மோட்டார்கள் வரத் தொடங்கின. வந்த வேகத்தில் எரியவும் செய்தன. எரிந்தால் பொள்ளாச்சிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அது கட்டித் திரும்பி வருவதற்குள் பயிர் தலையைத் தொங்கப் போட்டுவிடும். இதைப் பார்த்துப் பார்த்து, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, தானே கட்டப் பழகுவதென்று அண்ணன் முடிவு செய்தார்.

அப்பாவுக்குத் துளியும் சம்மதமில்லை. "காட்ட உட்டுப்போட்டுக் கம்பியக் கட்டிக்கிட்டு அழுவறானாமா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அண்ணன் காதில் வாங்கவில்லை. பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் கோடை முழுவதும் வேலை பழகிவிட்டு, ஆனி மாதம் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் சின்னதாக ஒரு கடை போட்டார்.

முதலில் வந்த மோட்டார் எங்கள் அம்மாவின் தம்பி ஆறுச்சாமி மாமாவுடையது. அண்ணன் எரிந்த கம்பியை வெட்டி எடுத்து, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றிச் செருகி, மேலே வார்னிஷ் ஊற்றிக் காய வைத்துக் கொடுத்தார். கிணற்றில் மாட்டியதும் ஓடியது. மாமா எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். மறுநாளே புகைந்துவிட்டது. மாமா திரும்பக் கொண்டு வந்தார், அண்ணன் திரும்பக் கட்டினார், அதுவும் எரிந்தது. மூன்றாவது முறை கட்டியதும் எரிந்தபோது மாமாவின் நாற்றங்கால் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் இல்லையென்றால் அந்தப் போகமே கிடையாது.

ஊரில் பலர் கரண்டு மேல் பழி போட்டார்கள். வோல்டேஜ் சரியில்லாத காலம், அண்ணனும் அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவர், "பக்கத்துத் தோட்டத்துலயும் இதே கரண்டுதான வருது? அங்க எரியலியே" என்று சொல்லிவிட்டார். சோறு இறங்காமல் திரிந்தார். கடைவீதியில் அவரைக் கண்டால், "என்ன மேஸ்திரி, இன்னைக்கு எதுக்குக் கொள்ளி வெக்கப் போறீங்க?" என்று கிண்டல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணன் மட்டும் சிரித்தபடி நடந்துபோவார்.

மாமா நாலாவது தடவையாக மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா ஓடிப்போய் வண்டியை மறித்தார்.

"மச்சா, கையெடுத்துக் கும்புடறேனுங்க. இவங்கிட்டக் குடுக்காதீங்க. பொள்ளாச்சிக்குக் கொண்டு போங்க. உங்க மூஞ்சியில முழிக்கவே முடியலீங்க எனக்கு."

மாமா வண்டியை விட்டு இறங்கினார். "மூணு தடவ எரிச்சுப்போட்டு உங்க பையன் சோறு உங்காமத் திரியறானுங்க மாமா. பொள்ளாச்சிக்காரன் எனக்காவ ஒரு நேரம் பட்டினி கெடப்பானுங்களா? டேய் மாப்ள, வந்து ஒரு கை புடி, எறக்கு."

அப்பா அண்ணனைப் பார்த்தார். "இந்தத் தடவையும் எரிஞ்சுதுன்னா கடையச் சாத்திப்போட்டு ஏரப் புடிக்கோணும். என்ன சொல்ற?"

"சரிங்கய்யா" என்றார் அண்ணன்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து எரிந்த காயிலை வெட்டிக்கொண்டிருந்தார். நான் அப்போதுதான் சமையல் பழகிக்கொண்டிருந்தேன். ஏதாவது சாப்பிடட்டும் என்று பணியாரம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றைக் கடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"ஏனம்மிணி, மேலதான் வெந்திருக்குது. உள்ளார பச்ச மாவு. தீய ஏகமா எரிச்சியா?"

"நீங்க பசியா இருக்கறீங்கன்னு வெரசாச் சுட்டனுங்கண்ணா."

பணியாரத்தைப் பிட்டு, உள்ளே இருந்த மாவை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மோட்டாரில் எரியாமல் மிச்சமிருந்த பக்கத்துக் கம்பியை நகத்தால் கீறிப் பார்த்தார். மேலே வார்னிஷ் கெட்டியாக இருந்தது. உள்ளே விரலில் ஒட்டியது.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கும் காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து ஆளையே தள்ளும். பிழிந்து போட்ட வேட்டி, திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். இந்தக் காற்றில் காயாதது எதுவுமில்லை என்பது எங்கள் ஊர்க்காரர்களின் நினைப்பு. பட்டறையில் சூட்டில் நிதானமாகக் காய வைத்ததைப் பார்த்திருந்தும், இத்தனை காற்று இருக்கும்போது அது எதற்கு என்று அண்ணன் மோட்டாரை வாசலில் காற்றுக்கு வைத்திருக்கிறார். காற்று மேலே மட்டும் ஆடை கட்டிவிட்டுப் போய்விட்டது. அந்த ஈரம்தான் மூன்று தடவையும் எரித்திருக்கிறது.

மோட்டாரைக் கடைக்குக் கொண்டுபோய்ப் புதிதாகக் கட்டி வார்னிஷ் ஊற்றியதும், கடைக்கு எதிரே பேக்கரி வைத்திருந்த மலையாளத்துச் சேட்டனிடம் போய் நின்றார். ரொட்டி சுட்டு எடுத்த பிறகு போர்மா என்கிற அந்தப் பெரிய அடுப்பு மெதுவாகத்தானே ஆறும், அந்தச் சூட்டில் மோட்டாரை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். "எடோ, இது பேக்கரியாணு, ஒர்க்ஷாப் அல்ல" என்றார் சேட்டன். அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி, வைக்கு" என்று நகர்ந்துகொண்டார். மறுநாள் அந்தக் கடை பன்னில் வார்னிஷ் நாறியது. வாங்கினவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "இனி மோட்டாரும் கொண்டு இங்ஙோட்டு வரண்டா!" என்று, இனி மோட்டாரோடு இந்தப் பக்கமே வரக்கூடாதெனச் சேட்டன் வீதியில் நின்று கத்தியது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. ஆனால் காயில் உள்வரை காய்ந்திருந்தது.

மாமா தோட்டத்தில் மோட்டாரை மாட்டிய அன்று அப்பாவும் வந்து, எட்ட வரப்பில் நின்றுகொண்டார். மோட்டார் ஓடியது. அண்ணன் பக்கத்திலேயே குந்தி, சூடு ஏறுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் நாற்றங்காலின் கடைசிப் பாத்தி வரை பாய்ந்தது. மறுநாளும் அவர் அங்கிருந்து அசையவில்லை. வெயில் சாயும் நேரத்தில் அப்பா தூக்குப்போசியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கையெடு. நாந் தொட்டுப் பாத்துக்கறேன். நீ சோத்த உங்கு" என்றார். ஏர் பேச்சை அப்பா பிறகு எடுக்கவே இல்லை.

அதற்குப் பின் அண்ணன் பீப்பாயில் கரி போட்டுச் சொந்தமாக ஒரு அடுப்பு செய்துகொண்டார். அந்தக் கடையை வைத்தே அண்ணியைக் கைப்பிடித்தார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். எரிந்த மோட்டாரோடு வந்தவரை, "முதல்ல ஒக்காந்து தண்ணி குடிங்க" என்றுதான் வரவேற்பார். கடைசிக் காலத்தில் கை நடுக்கம் வந்து கம்பியைத் தொட முடியாமல் போனது. அது அவருக்குப் பெரிய வேதனை.

படுக்கையில் இருந்தபோது இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்து ஓடி வந்த அக்கம்பக்கத்தாருக்கும், அவர் மறைந்த அன்று கடையடைத்து வந்து நின்ற கொழிஞ்சாம்பாறைக் கடைவீதிக்காரர்களுக்கும், பன் கெட்டும் பகைக்காத சேட்டன் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி.

ஆறுச்சாமி மாமா இன்று இல்லை. அண்ணனைக் கடைசியாகக் குளிப்பாட்டத் தண்ணீர், மாமாவின் மகன் பழனிச்சாமி தோட்டத்துக் கிணற்றிலிருந்து வந்தது. நிறைகுடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "இந்தத் தண்ணிய எறைச்சது, கை நடுங்கறதுக்கு முன்னால மச்சான் கடைசியாக் கட்டிக் குடுத்த காயிலுங்க. இன்னும் எரியலீங்க."