சம்பந்தியின் சன்ன அச்சு

என் சம்பந்தி ஒரு வேட்டைக்காரர். கியூபெக் பிரெஞ்சுக்காரர். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவரிடம் பழைய காலத்துத் துவக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு வேண்டிய சன்னத்தை, அதாவது குண்டை, தானே ஈயம் உருக்கி வார்த்துக்கொள்வார். வார்க்கிற அச்சு பெரிய குறடு மாதிரி இருக்கும். இரண்டு கைபிடி, நுனியில் இரண்டாகப் பிளந்த இரும்புக் கட்டி. கைபிடியை மூடி, மேல் துளையால் ஈயத்தை ஊற்றவேண்டும். திறந்தால் சன்னம் விழும். அவருடைய அச்சு திறக்கவில்லை. ஈரமான நிலவறையில் கிடந்து இரண்டு கைபிடியும் சேரும் பிணைச்சல் கறள் பிடித்து இறுகிவிட்டது.

இதற்கும் எனக்கும் என்ன? மகள் போன் எடுத்தாள், அதுதான்.

பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் போன் எடுக்கிற மகள். கல்யாண எழுத்தை எங்களுக்குச் சொல்லாமல் முடித்துக்கொண்டாள். படம் ஒன்று வந்தது, அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். நான் கத்தவில்லை. அவளும் கத்தவில்லை. கத்தியிருந்தால் யாராவது நடுவில் வந்து சமாதானம் பேசியிருப்பார்கள். ஒரு சண்டையும் இல்லாமல் ஒரு பிள்ளை வீட்டுக்கு வராமல் விட்டால், யாரிடம் போய் என்னத்தைப் பேசுவது?

"அப்பா, நீங்கள் இரும்பு வேலைதானே. அவற்ற அப்பாவின்ர சாமான் ஒண்டு இறுகிப் போச்சு. பாப்பீங்களோ?"

என்ன சாமான் என்று கேட்டேன். சொன்னாள்.

"துவக்குச் சாமானை என்னட்டையோ அனுப்பிறாய்?"

"வேற ஆரட்டை அனுப்பிறது? என்ர அப்பாவுக்குக் கழட்ட ஏலாத சாமான் இல்லையெண்டு பெரிசாச் சொல்லிப்போட்டன். மானத்தை வாங்காதேங்கோ. சனிக்கிழமை நானே வந்து எடுக்கிறன்."

அந்தக் கடைசி வசனத்துக்காக ஒத்துக்கொண்டேன்.

மருமகன் வந்து தந்துவிட்டுப் போனான். காரை நடுவீதியில் நிறுத்தி, விளக்கை மின்னவிட்டு, வெளிப்படியில் ஓடி ஏறி, "போஞ்சூர்" சொல்லி, பையை என் கையில் வைத்துவிட்டு ஓடினான். நல்ல பெடியன் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அவன் முதுகைத்தான் தெரியும்.

மனைவி பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சன்னம் செய்யிற சாமானோ?"

"ஓம்."

"அது உள்ளுக்கு வரப்படாது."

அவளுடைய தம்பி துவக்குச் சூடு பட்டுச் செத்தவன். உடலை வீட்டு விறாந்தையில் கிடத்தியபோது இவள்தான் துடைத்தாள். நான் பையைப் பின்பக்கப் பல்கனியில் கொண்டுபோய் வைத்தேன்.

தை மாதத்துக் குளிரில் எங்கள் வில்லரேப் பக்கத்தில் பின்பல்கனி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கையுறை போட்டால் ஆணி பிடிபடாது. கழற்றினால் இரும்பு விரலில் ஒட்டும். கறள் இளக்கும் எண்ணெய் விட்டேன். அது உள்ளே இறங்கவே இல்லை. குளிரில் பாகு மாதிரித் தடித்து மேலேயே நின்றது. சுத்தியலால் மெல்லத் தட்டினேன். பலமாகத் தட்டப் பயம். பழைய இரும்பு, குளிரில் வெடித்தால் முடிந்தது கதை.

நான் வேலை செய்வது சென்ட் லோரன்டில், விமானப் பாகங்கள் கடைகிற இடத்தில். அங்கே கொண்டுபோனால் சூடு காட்டிப் பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். ஆனால் வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். என் முகத்தை வைத்துக்கொண்டு, சன்னம் வார்க்கிற அச்சோடு அந்த வாசலால் போக எனக்கு விசரா? சம்பந்தியின் முகம் இருந்தால் போகலாம். அவருக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அது விசாரணை.

மனைவி கண்ணாடிக் கதவை நூலளவு திறந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்லெண்ணெய் விட்டுப் பாருங்கோவன்."

தையல் மெசினுக்கும் நல்லெண்ணெய், முட்டுவலிக்கும் நல்லெண்ணெய், கதவு கிறீச்சிட்டாலும் நல்லெண்ணெய். எங்கள் வீட்டில் அதுதான் வைத்தியம்.

"உது சூடேறுற சாமான். நல்லெண்ணெய் பட்டால் பிசினாய்க் காய்ஞ்சு இன்னும் இறுகும். அதோட, சாமிக்கு விளக்கேத்திற எண்ணெயைத் துவக்குச் சாமானுக்கு விடச் சொல்லுறீர்."

"எண்ணெய்க்கு என்ன தெரியும்?" என்றாள். "பிள்ளை வரவேணும். அவ்வளவுதான்." கதவை மூடினாள்.

ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து பல்கனியில் நின்றேன். இரும்புக் கட்டிகளைப் பிடித்திருந்த ஆணிகளைக் கழற்றி, கட்டிகளைத் துணியில் சுற்றித் தனியே வைத்தேன். அச்சுக் குழிக்குள் எண்ணெய் பட்டால் சன்னம் சுருங்கி விழும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். பார்த்தீர்களா, சன்னம் ஒழுங்காக வரவேண்டும் என்று கவலைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டேன். மரப்பிடிகளையும் உருவினேன். மிஞ்சியது ஒரு ஆணியில் மாட்டிய இரண்டு இரும்புக் கை. அதை அசைக்க முடியவில்லை. முப்பது வருடமாக இரும்போடு வேலை செய்கிறவன், ஒரு சின்ன ஆணிக்கு முன்னால் மூக்கு ஒழுக நிற்கிறேன். கெட்ட வார்த்தை சொன்னேன். கீழ்வீட்டு நாய் குரைத்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மனைவி கேட்டாள், "இப்ப என்ன வேணும் அதுக்கு?"

"சூடு வேணும். வேற ஒண்டும் வேலை செய்யாது."

அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைப்பதில்லை. பிறகு சாமி அலுமாரியின் இரண்டு கதவையும் மூடினாள். அடுப்பிலிருந்த பால்சட்டியை இறக்கினாள்.

"கொண்டு வாங்கோ."

"நீர் அறைக்குள்ள போம்."

"நான் ஏன் போவான்? என்ர அடுப்பு."

கரண்ட் அடுப்பு சிவந்தது. ஈயம் பட்ட பகுதி எதுவும் அடுப்புக்குக் கிட்டப் போகவில்லை, பிணைச்சல் மட்டும்தான். சூடேற எண்ணெய் புகைந்தது. உடனே கூரையில் புகைமணி அலறத் தொடங்கியது. அவள் நாற்காலியில் ஏறி நின்று துவாயால் விசுக்கினாள். "கெதியாச் செய்யுங்கோப்பா, பொலிசைக் கூப்பிடப்போறாங்கள்!" நான் குறடுகளால் இரண்டு இரும்புக் கையையும் பிடித்துப் பிரித்தேன். மயிரளவு அசைந்தது. இன்னும் எண்ணெய், திரும்பவும் சூடு, முன்னும் பின்னும் ஆட்ட ஆட்டக் கறள் செம்மண் தூளாகக் கொட்டியது. கடைசியில் கத்தரிக்கோல் மாதிரித் திறந்து மூடியது. இருவரும் சிரித்துவிட்டோம். நாற்காலியில் நின்றபடியே அவள் சிரித்தாள். பிறகு இறங்கி, மஞ்சள் தண்ணீர் கரைத்து அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சனிக்கிழமை விடிய எழும்பிப் பிட்டு அவித்தாள். கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், எல்லாம் மகளுக்குப் பிடித்தது. நான் அச்சைப் பூட்டி, மரப்பிடி போட்டு, புதுத் துணியில் சுற்றி வைத்தேன்.

மணி அடித்தது. திறந்தேன். சம்பந்தி நின்றார். சிவந்த முகம், பெரிய சப்பாத்து, கையில் ஒரு போத்தல் இனிப்பு மேப்பிள் பாணி. அவருக்குப் பின்னால் படியைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"மகள்?" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

"வேலை" என்றார். அப்படிச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் கதவுப் பிடியைப் பார்த்தார்.

அவள் வேலை செய்வது கார்தெரியில், சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில். சனிக்கிழமை பிள்ளைகளை யார் கொண்டுபோய் விடுகிறார்கள்? அது அவருக்கும் தெரியும். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை. கேட்க என்னிடம் நிறைய இருந்தது. அவள் சாப்பிடுகிறாளா, ஏன் வரமாட்டேன் என்கிறாள், நாங்கள் என்ன செய்தோம். ஒன்றையும் கேட்க எனக்கு அவருடைய மொழி போதாது. என் மொழியிலேயே அதைக் கேட்கத் தெரியாமல்தானே இருக்கிறேன்.

துணியை விரித்துக் கொடுத்தேன். அவர் கைபிடியைத் திறந்தார், மூடினார். டக், டக். முகமெல்லாம் சிரிப்பு. "மெர்சி, மெர்சி" என்று என் தோளைத் தட்டினார். உள்ளே வரச் சொன்னேன். காரைக் காட்டி, இல்லை என்று தலையாட்டினார். மனைவி பிட்டையும் கறியையும் டப்பாக்களில் போட்டு, இரண்டு பையாகக் கட்டி அவர் கையில் கொடுத்தாள். பனி மூடிய படியில் அவர் பைகளோடு பக்குவமாக இறங்கினார். விழுந்துவிடுவாரோ என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவை மூடியதும் அவள் கேட்டாள், "அது திரும்பவும் கறள் பிடிக்குமோ?"

"பிடிக்காது" என்றேன். "வடிவாச் செய்து குடுத்திட்டன்."

"கொஞ்சம் கறளை விட்டிருந்தால் பிள்ளை இன்னொருக்கால் போன் எடுத்திருப்பாள்" என்றாள்.