அக்கிராசனரும் கனகசபை அண்ணையும்

போன கிழமை ஸ்காபரோவில், ரூஜ் பக்கத்துக் கடையொன்றில் யாரோ வினாகிரிப் போத்தலைப் போட்டு உடைத்துவிட்டார்கள். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலக, நான் மட்டும் அங்கேயே நின்றேன். பழைய பத்திரிகைகளைப் படம்பிடித்து வைத்த மைக்ரோபிலிம் சுருள் கெடத் தொடங்கினால் இதே புளித்த மணம்தான் வரும். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ.

கனடாவுக்கு வந்த புதிதில் வாரநாட்களில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய், வெள்ளைக்காரன் காலத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்றைச் சுருள் சுருளாக உருட்டிப் படிப்பேன். ஆராய்ச்சி என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். உண்மையில் அங்கே ஹீட்டர் நல்லது. அந்தப் பத்திரிகையில், விடியும்வரை நாடகம் ஆடி அயலவரின் நித்திரையைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு முறைப்பாடு. அதற்குக் கீழேயே அடுத்த நாடகத்துக்கு விளம்பரம். மதுவிலக்குப் பிரசங்கம், வானசாஸ்திரப் பிரசங்கம். நடுவில், பெயர் போடாத யாரோ எழுதிய நையாண்டி ஒன்று. ஒரு கூட்டத்தின் அக்கிராசனர், அதாவது தலைவர், பேச்சாளரை அறிமுகம் செய்கிறேன் என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. பேச்சாளர் எழும்பியபோது சபை வீட்டுக்குப் போய்விட்டது. அவர் ஆளில்லாமல் கிடந்த வாங்குகளுக்கு நன்றி சொல்லி அமர்ந்தார்.

அதைக் கையால் பார்த்தெழுதி மாலினி அக்காவிடம் கொடுத்தேன். டோனட் கடையில் வேலை செய்துகொண்டு, கிடைத்த நேரத்தில் நாடகம் போடுகிறவர். நின்றபடியே வாசித்தார்.

"தம்பி, இதை மேடையிலை போடுறம்."

ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் சங்கத்தின் ஆண்டுவிழா. நாடகத்துக்கு முன் சங்கத் தலைவர் கனகசபை அண்ணை தலைமையுரைக்கு எழும்பினார். முக்கால் மணித்தியாலம். பிறகு திரை விலகி, மாலினி அக்கா தலைப்பாகையோடு அக்கிராசனராக வந்து தொண்டையைச் செருமியதுதான் தாமதம், மண்டபமே வெடித்துச் சிரித்தது. அண்ணை முன்வரிசையிலிருந்து எழும்பி, கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை, மாலினி அக்காவுக்கு இனி மண்டபம் இல்லை என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நான்கு மாதமாக ஒத்திகை பார்த்த பெரிய நாடகம் ஒன்று அவர் கையில் இருந்தது. அவர் அழவில்லை. "நீர் கொண்டுவந்த வில்லங்கம், நீரே போய்க் கதையும்" என்றார்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"என்னை நக்கலடிக்கத்தானே எழுதினனீர்?"

"இல்லை அண்ணை. நூறு வருசத்துக்கு முந்தின பேப்பரிலை கிடக்கு."

"அப்ப காட்டும்."

அடுத்த சனிக்கிழமை விட்பியிலிருந்து, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு, நூலகத்துக்குக் கார் ஓடி வந்தார். சுருளை மாட்டி அந்தப் பக்கத்தில் நிறுத்தினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் வாசித்தார்.

"படுபாவி," என்றார் மெதுவாக. "நான் பிறக்க முதலே என்னைக் கண்டிருக்கிறான்."

பிறகு கதிரையை இழுத்துப்போட்டு, நாடக விளம்பரம், பிரசங்கம், சண்டைக் கடிதம் என்று நூலகம் பூட்டும்வரை உருட்டினார்.

மண்டபம் திரும்பக் கிடைத்தது. பெரிய நாடகத்தன்றும் அண்ணை பேசாமல் விடவில்லை. அந்தக்காலப் பத்திரிகைகளைப் பற்றி இருபத்தைந்து நிமிடம். திரைக்குப் பின்னால் மாலினி அக்கா என் கையைக் கிள்ளிக்கொண்டு நின்றார்.

இப்போது அண்ணை இல்லை. சங்கம் இரண்டாகி, பிறகு இரண்டும் இல்லாமல் போயின. பள்ளிக்கூடத்தை இடித்து வீடு கட்டிவிட்டார்கள். மாலினி அக்கா றிச்மண்ட் ஹில்லில் மகளோடு இருக்கிறார். நாடகக் கதையை எடுத்தால் "உதை விடும், வேறை ஏதும் கதையும்" என்கிறார். நான் மட்டும் கை சும்மா இராமல், போன மாதம் இங்குள்ள ஒரு பிரமுகரை நையாண்டி செய்து முகநூலில் எழுதினேன். அவர் என்னை நண்பர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அவ்வளவுதான். ஏசக்கூட இல்லை.