தேள் படம் போட்ட தீப்பெட்டி

காலை 6.10. மதுரை மாட்டுத்தாவணியில் சங்கரன்கோவில் பஸ் கிளம்பியபோது என் கைப்பையில் பதினைந்தாயிரம் ரூபாய் இருந்தது. ஒரே ஒரு தீப்பெட்டிப் படம் வாங்குவதற்கு. படிக்கிறவர்கள் சிரிக்கலாம், என் வீட்டுக்காரர் முதல் நாளே சிரித்துவிட்டார். "இந்த விலைக்கு அந்தப் பெட்டியில இருந்த அம்பது குச்சியும் வெள்ளியில இருந்திருக்கணுமே" என்றார்.

இருபத்திரண்டு வருடங்களாகத் தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறேன். பெட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, படத்தை நோகாமல் உரித்து, நிழலில் காயவைத்து ஆல்பத்தில் வைப்பேன். முக்கால்வாசி தெருவில் பொறுக்கியவை. ஆனால் இது வேறு. இளையரசனேந்தல் பக்கம் முன்பு ஓடிய ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸ் (அந்தச் சீமையில் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள்) பன்னிரண்டு ராசிகளையும் படமாகப் போட்டுப் பெட்டி விட்டது. என்னிடம் பதினொன்று இருக்கிறது. இல்லாதது விருச்சிகம். தேள் படத்தை அடுப்படியில் வைத்துக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதன்பிறகு அச்சடிக்கவே இல்லை.

"இது முதலீடு, நாளைக்கு விலை ஏறும்" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். இதுவரை ஒரு லேபிளையாவது விற்றிருக்கிறாயா என்று நல்லவேளையாக அவர் கேட்கவில்லை.

திருமங்கலம், கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். டிக்கெட் நூற்றைந்து ரூபாய். ராஜபாளையம் தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே வந்தது. அங்கே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "கோயிலுக்கா?" என்று கேட்டார். ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். "ஊருக்கு வந்துட்டு அம்பாளப் பாக்காமப் போயிராதீய. பூச்சி பொட்டு அண்டாது" என்று சொல்லிவிட்டு, கரிவலம்வந்தநல்லூர் வரை தூங்கினார்.

9.25. சங்கரன்கோவில். கோயில் வாசல் கடைகளில் பாம்பு, தேள் உருவம் அடித்த மெல்லிய தகடுகள் விற்கிறார்கள். விஷ ஜந்துக்கள் வீட்டை அண்டாமலிருக்க வேண்டிக்கொண்டு அவற்றை உண்டியலில் போடுவது வழக்கம். இருபது ரூபாய்க்கு ஒரு தேள் வாங்கிப் போட்டேன். நான் வேண்டிக்கொண்டது தேள் என்னிடம் வரவேண்டும் என்று. அம்பாளுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

10.15. கோயிலுக்கு வடக்கே ஒரு சந்தில் சண்முகவேல் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை, பின்கட்டில் வீடு. வயது அறுபத்தைந்து இருக்கும். அவருடைய தங்கை மகன் இணையத்தில் போட்ட போட்டோவைப் பார்த்துத்தான் எங்கள் சேகரிப்பாளர் குழுவில் தீப்பற்றியது.

"கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் போன்லயே பதினஞ்சாயிரம் தாரேங்கார். நேர்ல வாரவங்களுக்குத்தான்னுட்டேன்" என்றார். "எல்லா ஊருலயும் தேளு வேண்டாம்னுட்டான். நம்ம ஊருல தேளுக்கு என்ன பயம்னு எங்க அப்பா பண்டல் பண்டலா எடுத்தாவ. தகடு வாங்க வழியில்லாதவங்க பெட்டில உள்ள படத்தக் கிழிச்சு உண்டியல்ல போட்டுட்டுப் போவாங்களாம். இது ஒண்ணுதான் அப்பா பஞ்சாங்கத்துக்குள்ள கெடந்துச்சு."

எந்தச் சேகரிப்பாளரும் எனக்குச் சொல்லாத சேதி. புல்லரித்துவிட்டது.

"மொதல்ல படத்தக் காட்டுங்க. அவங்க பஸ்ஸுக்குப் போகணும்லா" என்றார் அவர் மனைவி கோமதி அக்கா, காபியை வைத்தபடி.

அண்ணாச்சி பீரோவைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். முழுத்தாள் அளவுக்குப் பளபளவென்று பிளாஸ்டிக். அதன் நட்டநடுவில், மஞ்சளில் சிவப்புத் தேள். லேமினேஷன்.

"நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுகிட்ட கொண்டுபோய்ப் போட்டேன். அவ்வளவு தூரத்துல இருந்து வாரீய, கையில எடுத்தா கிழிஞ்சிரக் கூடாதுல்லா. முப்பது ரூவா. அத நீங்க தர வேண்டாம்."

நம் ஆட்கள் அருமையான எதை லேமினேஷன் போடாமல் விட்டிருக்கிறார்கள்? மார்க் ஷீட், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை. ஆனால் சூட்டில் உருகிய பசை காகிதத்தோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. உரித்தால் தேளும் சேர்ந்து கிழியும். எங்கள் வட்டத்தில் அப்படிப்பட்ட லேபிளை யாரும் தொடமாட்டார்கள். அவர் மேல் கோபம் வந்தது. கோபப்பட்டதற்காக வெட்கமும் வந்தது.

"அண்ணாச்சி, இப்படிப் போட்டுட்டா இதுக்கு வெலை இல்லை" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "இருக்கத இருக்கபடியே குடுங்கன்னு நான் அப்பவே சொன்னேன். கேட்டாத்தான?" என்று கோமதி அக்கா உள்ளே போய்விட்டார்.

சமாதானத்துக்காக, "ரெண்டாயிரம் தர்றேன்" என்றேன். அண்ணாச்சி துண்டால் பிளாஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாயிரத்துக்குன்னா இங்கனயே இருக்கட்டும் தங்கச்சி. பதினஞ்சாயிரம்னதும் வீட்டுல ஆளாளுக்கு ஒரு செலவு சொன்னாங்க. என்னால விக்க மாட்டேன்னு சொல்ல முடியல. ரெண்டாயிரத்துக்கு அப்பா பொருள விக்கணுமா?"

நியாயமான பேச்சு. நான் எழுந்திருக்க வேண்டியதுதான். ஆனால் வாய், "ஐயாயிரம்" என்றது.

"வெலை இல்லன்னு நீங்கதான சொன்னீய?"

"எட்டாயிரம் அண்ணாச்சி."

அவர் என்னைக் கவலையோடு பார்த்தார். "வெயில்ல வந்திருக்கீய. மோர் குடிங்க."

பன்னிரண்டாயிரம் வரை போனேன். விற்க முடியாதது, ஆல்பத்தில் அடங்காதது, கண்காட்சியில் வைத்தால் நாலு பேர் சிரிப்பது. எல்லாம் தெரிந்தே கேட்டேன். அபூர்வப் பொருளுக்கு இவ்வளவு விலை தகுமா என்று எங்கள் குழுவில் அடிக்கடி சண்டை நடக்கும். 'தகும், நாளைக்கு ஏறும்' என்பது என் கட்சி. முதலீடாவது மண்ணாவது! எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

அவர் தரவில்லை. படத்தைத் திரும்ப பீரோவில் வைக்காமல், கடையில் கல்லாவுக்குப் பின்னால் எல்லாரும் பார்க்கும்படி சாய்த்து வைத்தார்.

12.40. மட்டன் பிரியாணிக்குப் பேர்போன ஊர். இருநூற்று இருபது ரூபாய் கொடுத்துச் சாப்பிட்டும் ருசி தெரியவில்லை. பணம் முழுசாகப் பையில் இருந்தது. சந்தோஷப்பட வேண்டும். அழுகைதான் வந்தது.

1.45. பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்து என் பஸ் ஜன்னலோரம் நின்றார். முகத்தில் காலையில் இல்லாத நிம்மதி.

"உங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிருங்க தங்கச்சி, அது கெட்டுப்போச்சுன்னு. இனி கேட்டு யாரும் வரமாட்டாங்கல்லா?"

"வரமாட்டாங்க அண்ணாச்சி."

ராஜபாளையம் வருவதற்குள் குழுவில் எழுதிப் போட்டேன்: 'விருச்சிகம் கெட்டுவிட்டது, யாரும் போக வேண்டாம்.' அம்பாளின் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு நான் மறுபடி அண்ணாச்சி ஊருக்குப் போகப்போவதை மட்டும் எழுதவில்லை.