நாலாவது துண்டு

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான். மதுரையில் வெளிவீதிப் பக்கம் அந்தக் காலத்தில் அப்படிப் பல வீடுகள். கிணற்றின் நடுவில் சுவர் ஓடும். பாதி வட்டம் எங்கள் கொல்லையில், பாதி அவர்கள் கொல்லையில். ராட்டினம் மட்டும் தனித்தனி. பேசுகிறவர் முகம் தெரியாது. குரல் கிணற்றுக்குள் இறங்கி, தண்ணீரில் பட்டு, நம் காலடியிலிருந்து ஏறி வரும். எனக்கு அது வசதி. முகம் பார்த்துப் பேசுவதென்றால் எனக்கு நாக்கு எழாது.

பக்கத்து வீடு போலீஸ் இன்ஸ்பெக்டர் வீடு. அவர் சம்சாரம் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். நன்றாகச் சிரிப்பார். எங்கள் வீட்டில் நானும், மாமியாரும், என் வீட்டுக்காரரும் மட்டும். அவருக்குக் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா வேலை.

சண்டைக்காலம் அது. சீனி கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது. சுதந்திரம் கேட்டுத் தந்திக் கம்பியை அறுக்கிறார்கள், தண்டவாளத்தைப் பிடுங்குகிறார்கள் என்று ஊரெங்கும் போலீஸ். ஐப்பசி மழை பிடித்த ஒரு சாயங்காலம் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டு என் கொழுந்தனார் வந்து நின்றார். கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கதர் கட்டுகிறவர். தந்திக் கம்பி வழக்கில் அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். உடம்பு கொதித்தது. பல் கிட்டித்துப் பேச்சே வரவில்லை.

அகப்பட்டால் அவருக்குச் சவுக்கடியும் ஜெயிலும். ஒளித்து வைத்ததற்காக என் வீட்டுக்காரருக்கு வேலை போகும், ஜெயிலும் சேரும். சுவருக்கு அந்தப் பக்கமே இன்ஸ்பெக்டர்.

எங்கே வைப்பது? மாமியார்தான் சொன்னார். "கொல்லை அறையில வையி. இவ தூரமாயிட்டான்னு சொல்லிருவோம். ஒரு பய கிட்ட வரமாட்டான்."

மாதா மாதம் மூன்று நாள் நான் உட்காருகிற அறை அது. கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நீளம், ஒரு ஆள் அகலம். எனக்கென்று பாய், தலையணை, ஓரத்தில் பூச்சு உதிர்ந்து தகரம் தெரிகிற ஒரு பீங்கான் தட்டு, ஒரு தம்ளர். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டதும் அறையைச் சாணி போட்டு மெழுகி, தட்டைத் தேய்த்து உத்தரத்து ஆணியில் மாட்டிவிட வேண்டும். மறுமாதம் வரை அதை யாரும் தொடக்கூடாது. எங்கள் ஆட்களில் எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை. அக்கா வீட்டிலும் இதுதான்.

கொழுந்தனாரை உள்ளே படுக்கவைத்துக் கதவை ஒருக்களித்துவிட்டு, நான் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். தட்டில் மாமியார் எட்ட நின்று ரசம் சாதம் போடுவார். அதை நான் உள்ளே தள்ளுவேன். நான் அப்புறம் வாழை இலைக் கிழிசலில் சாப்பிட்டுக்கொள்வேன்.

மறுநாளே கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்ன பெரியம்மா, உங்க மருமக மறுபடியுமா? போன தடவை உக்காந்து இன்னும் மாசம் திரும்பலையே?"

மாமியார் சளைக்கவில்லை. "என்னத்தச் சொல்ல தாயி. சூட்டு உடம்பு. முன்னப் பின்ன வருது."

"நல்ல வைத்தியராப் பாருங்க. சின்ன வயசு." அதோடு ராட்டினம் கிறீச்சிட்டது. பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி இதையெல்லாம் மனசில் வைத்திருப்போம். வேண்டுமென்று இல்லை, தானாக நிற்கும். சாக்கை இன்னும் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மறுபடி குரல். "பெரியம்மா, நாளைக்கு அவ தலைக்கு ஊத்திருவால்ல? ஒரு ஒத்தாசை வேணும். நாளன்னைக்குப் பெரிய துரை எங்க வீட்டுக்கு டீ குடிக்க வாராரு. இவுகளுக்கு மேல்வேலை போட்டுக் குடுக்கிறது அவர் கையிலதான் இருக்கு. உங்க மருமகளுக்குக் கேக்கு செய்யத் தெரியுமே. முன்ன ஒரு தரம் சுவத்துக்கு மேல நீட்டினாளே, பட்டைச் சீனி போட்டது. அது வேணும். சாமான் பூராம் நான் தாரேன்."

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரை, மிஷன் பள்ளிக்கூடத்தில். கிறிஸ்துமஸ் சமயத்தில் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா எங்களை வரிசையாக உட்காரவைத்து முட்டை அடிக்கச் சொல்வார். அப்படிப் பழகினது. கல்யாணமான பிறகு ஒரே ஒரு தரம், முட்டைக்குப் பதில் தயிரும் ஆப்ப சோடாவும் போட்டுச் செய்து பார்த்து, ஆசையாக அக்காவுக்கு ஒரு துண்டு கொடுத்தேன்.

மாமியார் வாய் திறக்குமுன் அக்காவே சொன்னார். "முட்டை உங்க அடுப்புல ஏறாதுன்னு தெரியும். கொல்லையில கல்லைக் கூட்டிச் செய்யட்டும். நானும் வந்து கூடமாட நிக்கிறேன்."

மாட்டேனென்றால் ஏன் என்று கேட்பார். சரி என்று சொல்லியாயிற்று. அன்று என் வீட்டுக்காரர் தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இம்புட்டு அனலோட எங்க அனுப்ப?" என்றார். பேரையூர்ப் பக்கம் ஒரு சிநேகிதர் தோட்டம் இருந்தது. அதுவரை நடக்கக் காலில் தெம்பு வேண்டுமே.

மறுநாள் ஊரறியத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அறையை மெழுகித் திறந்துபோட வேண்டிய நாள் அது. நாங்கள் கதவைச் சாத்தினோம். மழைக்கு விறகு அடுக்கியிருக்கிறோம் என்று சொல்ல ஏற்பாடு.

அக்கா முட்டைக் கூடையும் வெண்ணெயும் மைதா மாவும் ஒரு டப்பா வெள்ளைச் சீனியுமாக வந்தார். அம்புட்டுச் சீனியை நான் பார்த்து வருஷமாகியிருந்தது. நேராகப் போய் அந்த அறை வாசல்படியிலேயே உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"இங்கனதான் நனையாம இருக்கு" என்றார்.

அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில் கொழுந்தனார் படுத்திருந்தார். இருமல் வந்தால் என்ன செய்வது? நான் கல்லைக் கூட்டி நெருப்பு வைத்தேன். வெண்ணெயும் சீனியும் குழைத்து, முட்டையை அடித்து ஊற்றினேன். மாவைச் சலித்துச் சேர்த்தேன். பட்டையை வறுக்கவில்லை, புகை வேண்டாமென்று வெயிலில் காய்ந்தபடியே இடித்துச் சீனியில் கலந்தேன். இரண்டு அலுமினியக் கிண்ணத்தில் மாவைப் பாதி ஊற்றி, பட்டைச் சீனி தூவி, மேலே மீதி மாவு. இரும்புச் சட்டியில் ஆற்று மணல் சுட்டுக் கிடந்தது. கிண்ணத்தை அதில் இறக்கி, மேலே தகரத்தை மூடி, தகரத்தின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினேன். மேலும் கீழும் நெருப்பு இருந்தால்தான் நடு வேகும்.

"தணல் பத்தாது போலயே" என்றார் அக்கா. "உள்ள விறகு இருக்குன்னாங்களே பெரியம்மா? ரெண்டு கட்டை எடுத்துட்டு வா." அவரே எழுந்திருக்கப் போனார்.

"சிரட்டை போதும்க்கா" என்றேன். எப்படிச் சொன்னேனோ. "விறகு வச்சா அடி கருகிரும்."

"கெட்டிக்காரிதான்" என்று மறுபடி சாய்ந்தார்.

அடுத்தது வெள்ளைப் பூச்சு. முட்டையின் வெள்ளையை மட்டும் எடுத்து, சீனியைப் பொடித்துப் போட்டு, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு, நுரை கட்டியாகும் வரை அடிக்க வேண்டும். அக்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி துரைமாருக்கு இதுக்கும் அடிக்கணுமா? எம்புட்டு நேரம்?"

"கிண்ணத்தைக் கவுத்தா விழக்கூடாதுக்கா."

வளையல் குலுங்க அடித்தார். வானம் மூடிக்கொண்டு வந்தது. காற்று இல்லை. பட்டை வாசனை மேலே போகாமல் கொல்லையிலேயே நின்றது. கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. மூச்சாவது இருக்கிறதா என்று தோன்றியது.

கை மாற்றிப் பிடிக்க அக்கா காலை நீட்டினார். கால் வாளியில் இடித்தது. வாளிக்குப் பின்னாலிருந்து அந்தப் பீங்கான் தட்டு கிணுங்கென்று உருண்டு வந்து அவர் காலடியில் கவிழ்ந்தது. விடியற்காலையில் கொழுந்தனாருக்குக் கஞ்சி கொடுத்த தட்டு. ஈரம் காயாத பருக்கை ஒட்டியிருந்தது. அவசரத்தில் வாளிக்குப் பின்னால் வைத்திருந்தேன். உத்தரத்து ஆணியில் இருக்க வேண்டிய நாளில் அது அங்கே கிடந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"தலைக்கு ஊத்தின பிறகு இதுலயா சாப்பிட்ட?"

சமையல்கட்டு வாசலிலிருந்து மாமியார் சொன்னார். "நாய்க்கு வச்சேன் தாயி."

"உங்க வீட்டுல நாய் ஏது?"

"தெரு நாய்."

"சாத்தின கொல்லைக்குள்ளயா?"

அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பி, தான் சாய்ந்திருந்த கதவைப் பார்த்தார். முதுகை அதிலிருந்து எடுத்தார். அப்புறம் கிண்ணத்தைத் தூக்கித் தன் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தார்.

"விழலையே!" என்று சிரித்தார். எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு.

ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தேன், ஒட்டாமல் வந்தது. ஆறவைத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். நடுவில் பட்டைச் சீனியும் வெண்ணெயும் தடவி, மேலே சுற்றிலும் வெள்ளையைப் பூசினேன். பூச்சு அலையலையாக வந்தது. "அழகா இருக்கு" என்று அக்கா எங்கள் பித்தளைத் தாம்பாளத்திலேயே வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி நாங்கள் சாப்பிடவில்லை. "தட்டத்தான் பார்த்தா. ஆளைப் பார்க்கல" என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் விரலைச் சொடுக்கிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் துரை வந்தார். சுவர் வழியாகப் பூட்ஸ் சத்தம், இங்கிலீஷ் பேச்சு, கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம். ஒரு தரம் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் அந்த அறை வாசலில் உட்கார்ந்து, அந்தச் சிரிப்பில் எங்கள் பேச்சு இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

சாயங்காலம் அக்காவே தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், எதையாவது வைத்துத்தான் தருவார்கள். வாழை இலை போட்டு மூடியிருந்தது. என் கையில் கொடுத்து, இலையை அவரே விலக்கினார். கேக்குத் துண்டுகள்.

"துரை ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாரு. இது உங்களுக்கு. பெரியம்மாவுக்கு ஒண்ணு. உனக்கு ஒண்ணு. உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணு."

அங்கே நிறுத்தினார். தாம்பாளத்தில் நாலு துண்டு இருந்தது.

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். நான் அப்படி யாரையும் பார்க்கிறவள் இல்லை. அவர் சிரிக்கவில்லை. "மழை வரும் போல. நான் வாரேன்" என்று போய்விட்டார்.

தாம்பாளத்தை மாமியார் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ஒரு பார்வை பார்த்தார். "கிளப்பு அவனை" என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கொழுந்தனாரைக் கதரை அவிழ்க்கச் சொல்லி, அவர் அண்ணனுடைய ஆபீஸ் கோட்டை மாட்டி, தலைக்குத் துண்டு சுற்றினோம். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். வாசலில் நின்று, "மதினி, வாரேன்" என்றார். திருமங்கலம் போகிற வண்டி ஏதாவது கிடைக்கும் என்று நம்பிக்கை. நாலாவது துண்டை இலையில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் போனதும் மழை பிடித்துக்கொண்டது. நானும் மாமியாரும் விறகை ஒவ்வொன்றாகச் சுமந்து அந்த அறையில் அடுக்கினோம். தட்டைத் தேய்த்து ஆணியில் மாட்டினேன்.

விடிந்ததும் வந்தார்கள். நாலைந்து போலீஸ்காரர்கள், கூடவே இன்ஸ்பெக்டர். வீட்டின் முன்பக்கத்தை யாரும் சீண்டவில்லை. நேராகக் கொல்லைக்கு வந்தார்கள். ஒருத்தன் லத்தியால் கதவைத் தள்ளினான். உத்தரம் வரை விறகு. இன்ஸ்பெக்டர் விறகைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கின தட்டைப் பார்த்தார். அதையே வெகு நேரம் பார்த்தார். அந்தத் தட்டில்தான் சங்கதி இருக்கிறதென்று ஒரு ஆண்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லித்தான் தெரியும்.

அவ்வளவு நேரமும் சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டினம் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா இறைத்து ஊற்றுகிறார், மறுபடி இறைக்கிறார். எத்தனை குடம்தான் நிரப்புவார்? அவர்கள் வெளியே போன பிறகுதான் அது நின்றது.

அப்புறமும் கிணற்றில் குரல் வந்தது. என்ன குழம்பு, மழை விட்டதா என்று. நானும் பதில் சொன்னேன். தூரமான நாளில் மட்டும், அந்த வாசலில் உட்கார்ந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் ராட்டினம் நிற்கும். ஒன்றும் கேட்கமாட்டார். கொஞ்ச காலத்தில் அவர் புருஷனுக்கு மேல்வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். காட்டிக்கொடுத்ததும் அவர்தான், போகச் சொன்னதும் அவர்தான். ஒரு மனசுக்குள் இரண்டும் எப்படி இருந்தன என்று அவரிடம் கேட்கிற தைரியம் எனக்கு வந்ததே இல்லை.

கொழுந்தனார் பிழைத்தார். சண்டையெல்லாம் முடிந்து, வழக்கும் போன பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மதினி, அன்னைக்குக் குடுத்தீங்களே ஒரு துண்டு. போலீஸ்காரன் வீட்டுப் பண்டம், எதையும் கலந்திருப்பான்னு பயந்து நான் தின்னல. கப்பலூர் தாண்டி ஒரு நாய் பின்னாலயே வந்துச்சு. அதுக்குப் போட்டேன்."

"நாய் என்னாச்சு?" என்றார் மாமியார்.

"என்னாகும்? இன்னும் குடுன்னு ரொம்பத் தூரம் கூட வந்துச்சு."

அது நான் செய்த கேக்கு. பூசினது என் கை. சொல்ல வாய்வரை வந்தது. அவருக்கு ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.