பாலை மரத்தடிக்கு ஓர் அனுமதிக் கடிதம்

இந்தியாவில் இருந்த அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு, கொண்டச்சிப் பக்கத்தில் எங்கள் காணிக்கு வெளியே நான் ஆறு மாதம் நின்றேன். மிதிவெடி அகற்றுகிறவர்கள் அந்த நிலத்தை அங்குலம் அங்குலமாகத் தோண்டிப் பார்த்து, இனிப் பயமில்லை என்று கையெழுத்திட்டுத் தந்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த நாளே என் மனைவி உள்ளே போய்ப் பற்றை வெட்டத் தொடங்கினாள். நான் வெளியே ஒழுங்கைப் பாதையில் நின்று மேற்பார்வை செய்தேன். கால் உள்ளே போக மறுத்ததற்கு நான் வைத்திருந்த பெயர் அது.

வீட்டுத் திட்டத்தில் எங்கள் பெயரும் வந்திருந்தது. “இன்னொரு மாரிக்கு என்னால இந்தத் தகரக் கொட்டிலுக்க இருக்க ஏலாது. அத்திவாரம் வெட்ட வேணும். நீங்கள் வாறியளோ, இல்லாட்டி ரோட்டில வீடு கட்டுவமோ?” என்று கேட்டாள்.

இதில் பெரிய பகிடி என் வேலை. மீள்குடியேறி வந்தவர்களுக்குப் பயம் பிடித்தால் எப்படி மூச்சு விடுவது என்று சொல்லிக் கொடுக்கிற உளவளத் துணையாளன் நான். என்னைச் சேர்த்துக்கொண்ட நிறுவனமே ஒரு தொலைக்கல்விப் பாடநெறியிலும் சேர்த்துவிட்டது. மனிதரின் மனக்காயத்தை இயற்கையோடு சேர்ந்திருந்து ஆற்றுவது பற்றிய படிப்பு. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி முருங்கனுக்குப் போய், இணையக் கடையில் பாடத்தை அச்செடுத்து, அகராதியை மடியில் வைத்துப் படிப்பேன்.

முதற் பயிற்சி சுலபமாகத்தான் இருந்தது. உங்களை ஈர்க்கிற ஒரு மரத்தையோ செடியையோ தெரிவுசெய்யுங்கள். அதனிடம் அனுமதி கேளுங்கள். இருபது நிமிடம் அருகில் இருங்கள். உடம்பு உணர்ந்ததை எழுதுங்கள். என்னை ஈர்த்தது எங்கள் காணிக்குள் நாற்பது அடி தள்ளி நின்ற பாலை மரம். ஒழுங்கையில் நின்றபடியே அதைச் செய்யலாமா என்று ஆசிரியைக்கு எழுதிக் கேட்டேன். தொலைக்கல்வியில் அவ்வளவு தொலைவு இல்லை என்று பதில் வந்தது.

மரத்திடம் கேட்கச் சொன்னது விளங்காமல் இல்லை. ஆனால் போர்க்காலத்தில் பாஸ் இல்லாமல் கடலுக்குப் போகாத, கையெழுத்து வைக்காமல் முகாம் வாசலைத் தாண்டாத ஆள் நான். அனுமதி என்றால் எனக்குக் கடதாசி வேண்டும். கிராம அலுவலரான விதானையாரின் கந்தோருக்குப் போனேன்.

“என்ன அலுவல்?”

“ஒரு மரத்துக்குக் கீழ இருக்க வேணும் ஐயா. இருபது நிமிசம். ஒரு கடிதம் தந்தியளெண்டால்...”

“ஆற்ர மரம்?”

“என்ர.”

“காணி?”

“அதுவும் என்ரதான்.”

விதானையார் பேனையை வைத்தார். “பின்னை ஏன் என்னட்ட வந்தனீங்கள்?”

“மரத்திட்டக் கேக்கச் சொன்னவை. அதுக்கு முதல் உங்களிட்டயும் ஒருக்கா...”

வரிசையில் நின்ற அம்மா ஒருவர், “குடுத்து விடுங்கோ ஐயா, தம்பி மரத்தோட குடும்பம் நடத்தப் போறார் போல” என்றார். கந்தோரே சிரித்தது. விதானையார் மட்டும் சிரிக்காமல், இன்னார் தமது காணியில் தமது மரத்தின் கீழ் அமர ஆட்சேபனை இல்லை என்று எழுதி, முத்திரையும் குத்தித் தந்தார்.

சட்டைப் பையில் கடிதத்தோடு அன்று பின்னேரம் உள்ளே போனேன். மனைவியின் செருப்புத் தடத்தில் மட்டும் காலை வைத்தேன். அவள் எட்டி வைப்பது சின்ன அடி, என் கால் பெரியது. கொக்கு மாதிரி இருந்திருப்பேன். மூச்சு சைக்கிள் பம்ப் போல இழுத்தது. மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

“என்னப்பா, நண்டு பிடிக்கிறியளோ?” என்றாள் பற்றை வெட்டிக்கொண்டிருந்த மனைவி.

மரத்தடிக்குப் போய், அனுமதியும் கேட்டு, இருந்தேன். இருபது நிமிடம் முடிந்தது. அப்போதுதான் திரும்பி வரவும் அதே நாற்பது அடி இருக்கிறது என்பது உறைத்தது. எனவே எழும்பவில்லை. பிறகு அறிக்கையில், மரத்தைப் பிரிய மனமில்லை என்று எழுதினேன். ஆசிரியை மிகவும் மகிழ்ந்துபோனார்.

ஆனால் எழுதியதில் முழுதும் பொய் இல்லை. வேறு வழியில்லாமல் இருந்தபோதுதான் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று இலைக்குள் போய் வருவது கேட்டது. பழங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இரண்டு தின்றேன், பால் பிசின் உதட்டை ஒட்டிவிட்டது, முனகக்கூட முடியவில்லை. பக்கத்து வளவு ஆடொன்று வந்து, என் காலடியில் கிடந்த பழங்களைப் பொறுக்கித் தின்றுவிட்டு அங்கேயே படுத்தது. அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது என் மூச்சும் அந்த வேகத்துக்கு வந்தது என்று தெரியாது.

“இஞ்சேருங்கோ, சும்மாதானே இருக்கிறியள். அத்திவாரம் அளக்க வேணும், இந்தக் கயித்தின்ர தொங்கலைப் பிடியுங்கோ.”

எழும்பிப் போய்ப் பிடித்தேன்.

“பின்னுக்குப் போங்கோ.”

போனேன்.

“இன்னும். கயிறு தொய்யுது.”

தடமில்லாத புல்லுக்குள் பின்பக்கமாக நடந்தேன். கயிறு தொய்ந்தால் அவளிடம் ஏச்சு விழும் என்பதுதான் அந்த நேரம் எனக்கிருந்த ஒரே பயம்.

“நில்லுங்கோ! அதில ஒரு கட்டையை இறுக்கி அடியுங்கோ. அதுதான் குசினி, அடுப்பு அங்கதான் வரும்.”

கல்லொன்றை எடுத்து, குனிந்து, அடித்தேன்.